நாலு மொடியூல், ஐந்தாம் கட்டில்

விளம்பரத்தில் பதினெட்டு மாதம் என்று போட்டிருப்பார்கள். யாருடைய பதினெட்டு மாதம் என்று போட்டிருக்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, ஒரு மணிக்கு வெளியே வந்து, ஆள் பற்றாக்குறை என்றால் அப்படியே மாலை ஏழு வரைக்கும் நிற்கிறவளுடைய பதினெட்டு மாதமா, வீட்டில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பதை மட்டுமே செய்கிறவளுடைய பதினெட்டு மாதமா என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகும், இளம் தாதிகளான உங்களில் யாராவது எனக்குப் போன் எடுத்து இதே கேள்வியைக் கேட்கிறீர்கள். வேலையை விடாமல் ஆன்லைனில் தாதியர் டிகிரி படிக்கப் போகிறேன் மிஸ், விரைவுத் திட்டத்தில் சேரட்டுமா, ஒரு தவணைக்கு எத்தனை மொடியூல் எடுக்கட்டும் என்று. ஒரு மொடியூல் என்றால் ஒரு பாடம், அதற்கு இரண்டு கட்டுரை, ஒரு பரீட்சை. இரண்டு எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். ஆனால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். எனக்கும் இரண்டு எடுங்கள் என்று சொன்னவர் ஒருவர் இருந்தார், நான் கேட்டேனா? அதனால் நீளமான பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த பிழையின் அளவு உங்களுக்கு விளங்காது. நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாதியாக நியமனம் பெற்று, சில வருடங்களில் திம்புள்ளப் பக்கத்தில் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். வருகிற நோயாளிகள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள். டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களவர்கள், எப்போதாவது யாழ்ப்பாணத்தவர். ஒரு அம்மா வந்து ‘கெறக்கமா வருது’ என்று சொன்னால் யாழ்ப்பாணத்து டொக்டரே விழிப்பார். ‘தலை சுற்றுகிறதாம், டொக்டர்’ என்று நான் எடுத்துச் சொல்வேன். பக்கத்து வார்டில் இருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். நோயாளி வாயைத் திறக்கும்போதே உடம்புக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு. பாதி உண்மையும்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தாதியர் பயிற்சிப் பள்ளிகளில் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். விண்ணப்பிக்க டிகிரி வேண்டும், முடிவுத் திகதியன்று நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அந்த வேலைமீது எனக்கு அப்படி ஒரு ஆசை. லயத்தில் பிறந்த ஒருத்தி பலகைக்கு முன்னால் நின்று தாதிகளுக்குப் பாடம் எடுப்பதை நினைத்தாலே நெஞ்சு நிமிரும். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று. டிப்ளோமா முடித்த தாதிகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆன்லைனில் டிகிரி நடத்தியது. சாதாரணத் திட்டம் மூன்று வருடம், விரைவுத் திட்டம் பதினெட்டு மாதம். மூன்று வருடம் என்றால் எனக்கு நாற்பத்தாறு ஆகிவிடும். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, விரைவுத் திட்டத்தில் சேர்ந்தேன்.

முதல் தவணைக்கு மூன்று மொடியூல். நன்றாகவே ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் கணினி கிடையாது. டவுனில் போன் லைனில் இயங்குகிற ஒரு நெட் கபே இருந்தது. மழை பிடித்தால் லைன் போய்விடும், எங்கள் பக்கத்தில் மழை எப்போது பிடிக்காது? முதல் கட்டுரையைக் கடைசி நாள் பின்னேரம் அனுப்பப் போனேன். “லைன் செத்துப் போச்சு மிஸ். நாளைக்கு வாங்க” என்றார் கபேக்காரர். எனக்கு அழாத குறை. அன்றிலிருந்து எந்தக் கட்டுரையையும் மூன்று நாள் முந்தியே அனுப்புவது என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது வீட்டுக்கு வீடு இணையம் வந்துவிட்டாலும் கரண்ட் நம் கையில் இல்லை.

பஸ்ஸில் வாசித்தேன், சாப்பிடும்போது வாசித்தேன், சோறு பொங்குகிற நேரத்தில் வாசித்தேன். பிறகு சோறு பொங்குவதையும் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன். அவருக்குப் பருப்பு மட்டும்தான் வைக்கத் தெரியும். அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாரும் பருப்பும் சோறும் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தோம். மூன்று பாடத்திலும் நல்ல மார்க் வந்தது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இரண்டாம் தவணைக்கு நாலு எடுத்தேன்.

எங்கள் வார்ட் சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதில் என்னைவிட ஏழு குறைவு, பதவியில் எனக்கு மேலே. அவரும் அதே டிகிரியைத்தான் படித்துக்கொண்டிருந்தார், சாதாரணத் திட்டத்தில், தவணைக்கு இரண்டு பாடம். ஒரு நாள் நோயாளிகளின் டிக்கெட்டுகளை, அதாவது கட்டிலோடு இருக்கிற நோய்க் குறிப்புத் தாள்களை, புரட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, நீங்கள் இந்த முறை எத்தனை எடுத்திருக்கிறியள்?”

“நாலு சிஸ்டர்.”

“நேற்று ஏழாம் கட்டிலுக்கும் எட்டாம் கட்டிலுக்கும் ஒரே காய்ச்சல் அளவை எழுதியிருக்கிறியள். போன கிழமையும் ஒருக்கா இப்பிடி நடந்தது.”

“கை தவறிப் போச்சு. எட்டாம் கட்டிலுக்குக் காய்ச்சலே இல்லையே சிஸ்டர். ஒண்ணும் ஆகல.”

“ஒண்டும் ஆகேல்லை. அதாலதான் இப்ப ஆறுதலாச் சொல்லுறன். இரண்டோட நிப்பாட்டுங்கோவன் அக்கா.”

“உங்களுக்கு முப்பத்தாறு வயசு, நீங்க மெதுவா படிக்கலாம். எனக்கு வயசு நிக்காது.”

அவர் மறுபடி டிக்கெட்டுகளைப் புரட்டத் தொடங்கினார். எனக்கு உள்ளுக்குள் கோபம். தன்னைவிட வேகமாகப் படிக்கிறேன் என்ற எரிச்சல் அவருக்கு என்றுகூட நினைத்தேன். டிக்கெட்டில் இருந்த எண்ணைத் திருத்தினேன். ஏன் அந்த எண் பிழைத்தது என்று யோசிக்கவில்லை. களைப்பில் எல்லாரும் ஒரு முறை பிழை விடுவோம், அது மனித இயல்பு. ஒரே பிழையை இரண்டு கிழமைக்குள் இரண்டு முறை விட்டால் உங்கள் தலைக்குள் இடம் போதவில்லை என்று பொருள். அந்த நேரத்தில் ஒரு பாடத்தைக் கைவிடுவது சுலபம். நான் அதைச் செய்யவில்லை.

அடுத்து வந்தது பெப்ரவரி மாதம். பனி விழுந்து கொழுந்து கருகியிருந்தது, லயத்துக் குழாய்களில் தண்ணீர் நின்றுவிட்டது. சிரங்கோடு வருகிறவர்கள் கூடிப்போய், யார் வந்தாலும் குளித்தீர்களா, எத்தனை நாளைக்கு ஒரு முறை குளிக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் எனக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆன்லைன் பரீட்சை. இரண்டு மணிக்குள் எழுதி முடிக்க வேண்டும். தவறவிட்டால் அந்தப் பாடமே போய்விடும். பதினொன்றரைக்கு வார்டை விட்டுப் போக சிஸ்டர் அனுமதி தந்திருந்தார். பரீட்சைக்குரிய பாடம், நோயாளியுடன் தொடர்பாடல். சிரிப்புக்காக இதைச் சேர்க்கவில்லை, உண்மையிலேயே அதுதான் பாடம்.

பத்தேகால் மணிக்கு ஒரு பெண் வந்தாள். கலைச்செல்வி, இருபத்து நான்கு வயது, கொழுந்து பறிப்பவள். மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்கைக்கூட அவிழ்க்காமல் நேரே வந்திருந்தாள். டொக்டர் இளைஞர், எங்களிடம் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குத் தமிழில் தெரிந்தது நாலைந்து சொற்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டு, சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

“என்னா செய்யுது?” என்று கேட்டேன்.

“அடிவயிறு வலிக்குதுங்க மிஸ்ஸி. காலையில வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்குப் போகையில லேசா இருந்துச்சு. இப்ப நிக்க முடியல.”

பிறகு டொக்டரை ஒரு முறை பார்த்துவிட்டு, என் பக்கமாகக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“முழுகாம இருக்கேன் மிஸ்ஸி.”

“தண்ணி இல்லன்னு தெரியும், அது பரவாயில்ல. வலி எந்தப் பக்கம்?”

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“மொகத கியன்னே மிஸ்?” என்றார் டொக்டர். என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார். வலியைச் சொன்னேன், காய்ச்சல் இல்லை என்றேன், தண்ணீர் இல்லாததால் குளிக்கவில்லையாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, கர்ப்பமாக இருக்கலாமா என்று கேட்டார். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. “இல்லை டொக்டர், இருந்தால் சொல்லியிருப்பாள்” என்று பதில் சொன்னேன்.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரைக்கும் வார்டில் படுக்கட்டும் என்றார் அவர். ஐந்தாம் கட்டில் காலியாக இருந்தது. அவளை அங்கே படுக்க வைத்துவிட்டு, மற்றக் கட்டில்களைப் பார்த்தேன். பதினொன்று இருபதுக்குப் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். போகிற வழியில் எங்கள் அட்டெண்டன் செல்லம்மா போர்வை மடித்துக்கொண்டிருந்தார். அவரும் தோட்டத்து ஆள்தான்.

“செல்லம்மாக்கா, அஞ்சாம் கட்டில் புள்ளைக்குக் கொஞ்சம் சுடுதண்ணியில ஒடம்பத் தொடச்சு விடுங்க. முழுகாம இருக்காளாம்.”

செல்லம்மா கையிலிருந்த போர்வையை விடாமலே திரும்பினார். “அப்பிடியா மிஸ்ஸி, நல்லது. எத்தன மாசமாம்?”

எங்கள் லயங்களில் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் தலைமுழுகுவது நின்றுவிட்டால் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பார்கள். கர்ப்பம் என்ற சொல் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசில்தான் இருக்கும், யார் வாயிலும் வராது. என் அம்மா என்னைச் சுமந்ததை அந்தச் சொல்லால்தான் என் அப்பாவிடம் சொல்லியிருப்பார். என் இரண்டு பிள்ளைகளையும் நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தச் சொல்லைக் கலைச்செல்வி சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து அதே சொல்லை என் வாயாலேயே செல்லம்மாவிடம் சொன்னேன், அப்போதும் எனக்குக் கேட்கவில்லை.

பையைப் போர்வைகளுக்கு மேலேயே போட்டுவிட்டு ஐந்தாம் கட்டிலுக்கு ஓடினேன். அவள் முகம் வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

“எத்தன நாளா முழுகாம இருக்க?”

“அம்பது நாளுக்கு மேல ஆச்சுங்க மிஸ்ஸி. இப்ப தோளும் வலிக்குது.”

அடிவயிறு வலிக்கிற பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருந்து, தோளும் வலித்தால், வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. உங்களுக்கு இது பாடத்தில் வரும். எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் அதற்கு ஒப்பரேஷன் செய்ய வசதி கிடையாது. நுவரெலியாவுக்கு அனுப்ப வேண்டும்.

ஐந்தாம் கட்டிலிலிருந்து டொக்டரின் அறைக்கு இருபது அடிதான். அந்த இருபது அடிக்குள் என் வாயில் ஒரு வசனம் தயாராகிவிட்டது. ‘இப்போதுதான் சொல்கிறாள் டொக்டர்.’ அவர் நம்புவார். தோட்டத்துப் பெண்கள் கூச்சத்தில் மறைப்பார்கள் என்று எல்லாரும் ஏற்கனவே நம்பத் தயாராக இருந்தார்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், மாற்றி மாற்றிப் பேசுகிற நோயாளி என்று அவர் நினைப்பார். முதலில் இருந்து கேட்கத் தொடங்குவார், பரிசோதனை முடிவு வரட்டும் என்பார். அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

“டொக்டர், கர்ப்பமாக இருப்பதை அவள் பத்தேகாலுக்கே என்னிடம் சொன்னாள். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். நீங்கள் கேட்டபோது நான் அவளிடம் கேட்கவே இல்லை. ஐம்பது நாள். இப்போது தோள் வலிக்கிறது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட நேரம் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. முடிவுக்காகக் காத்திருக்கவில்லை, அம்பியூலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டு எழுந்து ஓடினார். பிழையை ஒப்புக்கொள்வதை மனச்சாட்சி சம்பந்தப்பட்ட பெரிய விஷயமாக நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் அது நோயாளியைப் பற்றிய ஒரு தகவல். டொக்டருக்கு உடனே தேவைப்படுகிற தகவல்.

அம்பியூலன்ஸ் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சிஸ்டர் என் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, உங்கட சோதினை? நான் வேற ஆளை அனுப்புறன், நீங்கள் போங்கோ.”

“நானே அவகூடப் போறேன் சிஸ்டர்.”

அவர் பையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

நானுஓயா வளைவுகளில் வண்டி ஆடி ஆடிப் போனது. ஒரு கையில் சேலைன் போத்தலையும் மறு கையில் அவள் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயங்கிவிடக் கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். ஏன் மறுபடி சொல்லவில்லை, நான் தண்ணீரைப் பற்றிப் பேசினேனே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. பழியில் கொஞ்சத்தை அவள் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

“வெளங்கிருச்சுன்னு நெனச்சேன் மிஸ்ஸி. தண்ணிய பத்தி எதுக்கு சொல்றாங்கன்னு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீங்க படிச்சவங்க, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

“கல்யாணம் கட்டி மூணு வருசம். உங்ககிட்டதான் மொத மொதல்ல சொன்னேன். அவருக்கே இன்னும் தெரியாது.”

அந்தக் கரு எப்படியும் நிலைத்திருக்காது. நான் பத்தேகாலுக்கே சரியாகக் கேட்டிருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது. இது மருத்துவ உண்மை, எனக்கு ஆறுதலுக்காக நான் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் மூன்று வருடம் காத்திருந்த ஒருத்தி, தன் புருஷனுக்கும் முன்னால் என்னிடம் ஒரு சந்தோஷத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்று நான் பட்ட வெட்கத்தை என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

நேரே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். நான் திரும்பி வந்தபோது பரீட்சை முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. நடந்ததை உள்ளபடி ஒரு தாளில் எழுதி சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

பல்கலைக்கழகத்து இணைப்பாளருக்கு எழுதினேன். பதில் இரண்டு நாளில் வந்தது. அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். விரைவுத் திட்டத்திலேயே இருக்க விரும்பினால் அடுத்த தவணைக்கு ஐந்து மொடியூல் எடுக்கலாம், அல்லது சாதாரணத் திட்டத்துக்கு மாறலாம், இரண்டு கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று.

நான் என்ன முடிவு எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து. ஆமாம், ஐந்து. நோயாளி பிழைத்துவிட்டாள், நான் பிழையை ஒப்புக்கொண்டுவிட்டேன், எழுதியும் கொடுத்துவிட்டேன், விஷயம் முடிந்தது, இனிக் கவனமாக இருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிக்கெட்டை மூடி வைக்கிற மாதிரி மூடி வைத்தேன். ஐந்து பாடங்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, நெட் கபேக்குப் போகிற நாளுக்காகச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கலைச்செல்வி புண்ணைக் காட்ட எங்களிடம் வந்தாள். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. உட்கார வைத்து, வழக்கம் போலக் கேட்டேன்.

“இப்ப எப்பிடி இருக்கு? ரத்தம் கித்தம் போகுதா?”

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகச் சொன்னாள்.

“எனக்கு இரத்தப்போக்கு இல்லை மிஸ்ஸி. காய்ச்சல் இல்லை. சிறுநீர் கழிப்பதில் சிரமம் இல்லை.”

ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னா புள்ள இது? எங்க படிச்ச?”

“பெரிய ஆஸ்பத்திரியில நோட்டீசு ஒட்டியிருந்தாங்க மிஸ்ஸி. அதப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். நம்ம லயத்துல பேசுற மாதிரி பேசுனா உங்களுக்கு வெளங்கலைல்ல, அதான்.”

அவள் குத்திக் காட்டவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். எனக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்துத்தான் அதைச் செய்திருக்கிறாள். பதினைந்து வருடமாக ஊருக்கெல்லாம் லயத்துப் பேச்சை எடுத்துச் சொன்னவள் நான். இப்போது ஒரு லயத்துப் பிள்ளை, வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு, எனக்காகத் தன் பேச்சை மொழிபெயர்த்துப் பழகியிருக்கிறாள்.

“நீ எப்பவும் போலயே பேசு. நான் கேக்குறேன்” என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனாலும் போகும்போது ‘நன்றி’ என்று நோட்டீசுத் தமிழில்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று டியூட்டி முடிந்ததும் நெட் கபேக்குப் போனேன். சட்டைப் பையில் இருந்த தாளை எடுக்கவே இல்லை. சாதாரணத் திட்டத்துக்கு மாறுகிறேன், தவணைக்கு இரண்டு பாடம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பும்போது எனக்கு நன்றாகத் தெரியும், பயிற்சிப் பள்ளி வேலை அந்த நிமிடத்தோடு என் கையை விட்டுப் போகிறது. கபேயை விட்டு வெளியே வந்து, பஸ் வருகிற வரைக்கும் அழுதேன்.

அதற்குப் பிறகு படித்த விதத்தை உங்களுக்குச் சொல்கிறேன், அது உபயோகப்படும். பரீட்சை நாளில் டியூட்டி செய்யவே இல்லை. அரை நாள் லீவு என்ற பேச்சே வேண்டாம், மற்றவர்களுக்கு மூன்று ஷிப்ட் செய்து கொடுத்தாவது முழு நாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். வார்டுக்குள் புத்தகத்தைக் கொண்டு போகவில்லை. மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக வார்டு நிரம்பி வழியும், அந்தத் தவணைக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தேன். மறு தவணை கொஞ்சம் ஓய்வாக இருந்தது, மூன்று எடுத்துச் சரிக்கட்டினேன். திட்டம் போடுகிறவர்களுக்கு எல்லாத் தவணையும் ஒன்றுதான். வார்டுக்கு அப்படி இல்லை, உங்கள் உடம்புக்கும் அப்படி இல்லை. நோயாளியிடம் கேட்ட கேள்வியையே மறந்துபோய் மறுபடி கேட்கிறேனா என்று ஒவ்வொரு கிழமையும் என்னை நானே பார்த்துக்கொண்டேன். படிப்பு கெடவில்லை. உண்மையைச் சொன்னால் முன்னைவிட நன்றாகப் படித்தேன், படித்ததை மறுநாளே வார்டில் செய்து பார்க்க நேரம் இருந்தது.

டிகிரி மூன்றாம் வருடம் கைக்கு வந்தது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு எனக்கு வயது கடந்திருந்தது. சிஸ்டர் விண்ணப்பித்தார், அவருக்குக் கிடைத்தது. கடிதம் வந்த அன்று என்னைத் தேடி வந்தார்.

“அக்கா, எனக்குக் கிடைச்சிட்டுது. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு காலமையில இருந்து யோசிச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“அதான் சொல்லிட்டீங்களே சிஸ்டர். வாங்க, பிளேன்டீ ஊத்துறேன்.”

தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். பொறாமை இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் நல்ல ஆசிரியையாக இருந்தார் என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், சந்தோஷம். நான் அறுபது வயது வரைக்கும் வார்டிலேயே இருந்தேன். நல்ல தாதியாக இருந்தேன் என்பதையும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

விரைவுத் திட்டத்தில் படிக்க முடியாதா மிஸ் என்று மறுபடி கேட்பீர்கள். முடியும். எனக்கே முடிந்திருக்கும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஐந்து பாடத்தையும் எடுத்து, நாற்பத்தைந்துக்குள் டிகிரியை முடித்து, அந்த வேலையையும் வாங்கியிருப்பேன். உங்களில் பாதிப் பேருக்கு நான்தான் ஆசிரியையாக இருந்திருப்பேன். தொடர்பாடல் பாடம் என்னிடம்தான் வந்திருக்கும், நன்றாகவும் எடுத்திருப்பேன். கலைச்செல்வி என்று ஒருத்தி இருந்ததை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.